லேடி டாக்டரிடம் முதல் தடவை: திரைக்குப் பின்னால் என்ன நடக்கும்?

பெண்ணுறுப்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்க்கும் உள் பரிசோதனை எனக்கு முதல் தடவை 26 வயதில் நடந்தது. கல்யாணமாகி ஒரு வருடம். இரண்டு மாதமாக வெள்ளைப்படுதல் நிற்கவில்லை, அடிவயிறும் வலித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "உள்ளே போய்ப் படும்மா" என்றார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, "பேன்ட்டைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க, காலை மடக்குங்க" என்றார். அவ்வளவுதான். என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா, யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடும் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சில்லென்று இரும்பு பட்டதும் உடம்பு முழுக்க இறுகிவிட்டது. "லூசா விடும்மா, லூசா விடு" என்று அதட்டினார்கள். அதட்டினால் உடம்பு எங்கே தளரும்? மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் ஐந்து வருடம் நான் எந்த லேடி டாக்டரிடமும் போகவில்லை.

போன வருடம் என் சித்தியை ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். சித்திக்கு 47 வயது, இரண்டு பிள்ளை பெற்றவர். ஆனாலும் வாசலிலேயே கை நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஸ்டாஃப் நர்ஸ் முதலில் கருவியைக் கையில் எடுத்துக் காட்டினார். "வாத்து மூக்கு மாதிரி இருக்கா பாருங்கம்மா. மூடினபடிதான் உள்ளே போகும். போனதும் கொஞ்சமா திறப்பேன், அப்பதான் கர்ப்பப்பை வாய் எனக்குத் தெரியும். வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்." சித்தி நடுவில் ஒரு தடவை கையைத் தூக்கினார். சொன்னபடியே நிறுத்தினார்கள். சித்தி நாலு மூச்சு விட்டுவிட்டு, "சரி, பாருங்க சிஸ்டர்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கா இத்தனை வருஷமா பயந்தேன்?"

கருவி அதேதான், பரிசோதனையும் அதேதான். சித்திக்கு முன்கூட்டியே சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் முதல் தடவை போகிற பெண்ணுக்கு உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும்.

யார் போக வேண்டும், எப்போது?

மாதவிலக்கு முறை தவறிப்போகிறது, அளவுக்கு மீறிப் போகிறது, எழுந்திருக்க முடியாத அளவு வலிக்கிறது, வெள்ளைப்படுவதில் நாற்றமோ அரிப்போ இருக்கிறது, உறவின்போது வலிக்கிறது, அடியில் ஏதோ இறங்கி வருவதுபோல் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். மூன்று விஷயங்களுக்கு மட்டும் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். உறவுக்குப் பின் ரத்தம் படுவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் படுவது, மாதவிலக்கு முழுதாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி ரத்தம் படுவது. "சூட்டு உடம்பு, அதான்" என்று மோர் குடித்துக்கொண்டு நம் வீடுகளில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இந்த மூன்றையும்தான்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களும் போக வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கானது. இந்திய அரசின் திட்டப்படி 30 வயது முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்கி, இன்னும் அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் இந்தப் புற்றுநோய்க்குக் காரணம். வைரஸ் தொற்றிய நாளிலிருந்து அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையோடு தீர்ந்துவிடும். இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, ஜி.ஹெச். எங்கே போனாலும் இலவசம். எங்கே, என்றைக்குப் போவது என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேட்கலாம், அல்லது உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம். சென்னையில் எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி 1844லிருந்து இருக்கிறது. திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டமாட்டோம் என்று வைத்தியமே பார்க்காமல் கிடந்த பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் 1885ல் தொடங்கியது அது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாட்களில் பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயை வருடி எடுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை, எடுத்தால் சரியாக வராது. மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 10வது நாளுக்கும் 20வது நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் நல்லது. ஆனால் நிற்காத ரத்தப்போக்குதான் உங்கள் பிரச்சினை என்றால் நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்படியே போங்கள்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவதும் கூடாது. நாற்றம் தெரியக் கூடாதே என்று விளம்பரத்தில் வருகிற வாஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதனால் டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளமே அழிந்துபோகும். எப்போதும்போல் குளித்துவிட்டுப் போனால் போதும். முடி எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்காத பெண்ணே இல்லை. வேண்டாம். அவசரத்தில் ஷேவ் செய்து கீறிக்கொண்டால்தான் தொல்லை.

உடை விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். புடவை, பாவாடை, நைட்டி இவையெல்லாம் வசதி. தூக்கிவிட்டுப் படுத்தால் போதும், எதையும் முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. சுடிதார்தான் போடுவேன் என்றால் டாப் முழங்கால் வரை நீளமாக இருக்கட்டும், பேன்ட்டைக் கழற்றிய பிறகும் மறைவு இருக்கும். ஜீன்ஸும் குட்டை டாப்பும் வேண்டாம். நான் அப்படிப் போனதால்தான் அந்த முதல் நாள் கட்டிலில் ஏறும்போது எதைப் பிடித்து எதை மறைப்பது என்று தெரியாமல் தவித்தேன். பையில் ஒரு பேட், மெல்லிய துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டை மடியில் போர்த்திக்கொள்ளலாம்.

பழைய ரிப்போர்ட், ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த தேதியைக் கேட்கமாட்டார்கள், தொடங்கிய தேதியைத்தான் கேட்பார்கள்.

கேள்வி கேட்கும் நேரம்

ஓ.பி. சீட்டு வாங்கியதும் எடை, பி.பி. பார்ப்பார்கள். சிறுநீர் பரிசோதனை இருக்கலாம். அதன் பிறகுதான் டாக்டர். தொடுவதைவிடக் கேட்பதில்தான் பாதி நோய் தெரியும். அதனால் இங்கே வெட்கப்படாமல் பேசினால் உள்ளே வேலை குறையும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போகிறதா, எத்தனை பிரசவம், கலைந்ததோ கலைத்ததோ உண்டா, என்ன கருத்தடை முறை என்று வரும். கொஞ்சம் வயதான டாக்டராக இருந்தால் "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்பார். மாதவிலக்குத் தேதியைத்தான் கேட்கிறார். "முழுகாம இருக்கீங்களா?" என்றால் கர்ப்பமா என்று அர்த்தம். சின்ன வயதுப் பெண்கள் இதைக் கேட்டுத் திகைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வெள்ளைப்படுதலைச் சொல்லும்போது நிறத்தையும் நாற்றத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "தயிர் மாதிரி திட்டுத் திட்டாப் போகுது, அரிக்குது" என்பது ஒரு நோயைக் காட்டும். "தண்ணியாப் போகுது, மீன் நாத்தம் அடிக்குது" என்பது வேறொன்றைக் காட்டும். மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வந்தால் அது நோயே இல்லை. "எலும்பு உருகி வெள்ளையாப் போகுது" என்று பாட்டி சொன்னதை நம்பி மெலிந்துபோக வேண்டாம். எலும்பு அப்படி உருகாது.

"கல்யாணம் ஆயிடுச்சா?" நம் ஊரில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். உடலுறவு உண்டா என்பதைத்தான் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும், அதை நேராகக் கேட்கத் தயங்கி இப்படிக் கேட்கிறார். உள்ளே கருவி வைத்துப் பார்க்கலாமா, கர்ப்பப் பரிசோதனை தேவையா, எந்த ஸ்கேன் என்பதெல்லாம் இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும். கல்யாணம் ஆகவில்லை, ஆனால் உறவு இருந்திருக்கிறது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ உட்கார்ந்திருந்தால் சொல்ல முடியாதுதான். "டாக்டர், உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்று ஒரு வரி போதும், நல்ல டாக்டர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் சட்டம் வேறு. பரிசோதனைக்குப் பெரும்பாலும் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள், உறவு பற்றித் தெரியவந்தால் டாக்டர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

திரைக்குப் பின்னால்

முதல் வேலை, பாத்ரூம் போய்விட்டு வருவது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் உள் பரிசோதனையில் அழுத்தும்போது வலிக்கும், டாக்டருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அன்றைக்கே வயிற்றின் மேல் ஸ்கேனும் இருந்தால் அதற்குத் தண்ணீர் குடித்து நிறைத்து வைத்திருக்க வேண்டும். அதனால் "எது முதல்ல?" என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

திரைக்குள் ஒரு உயரமான கட்டில், ஏறுவதற்கு இரண்டு படி, கட்டிலின் மேல் ரப்பர் ஷீட், கால்மாட்டில் கழுத்து வளைகிற விளக்கு. இடுப்புக்குக் கீழே உள்ள உள்ளாடையை மட்டும் கழற்றினால் போதும். மார்பகப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வதென்றால் அதைத் தனியாகச் சொல்வார்கள். 30 வயதுக்கு மேல் அரசு மையங்களில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைக் கட்டிலில் ஊன்றி, முழங்கால்களை இரண்டு பக்கமும் விழவிட வேண்டும். சில இடங்களில் காலை வைப்பதற்கே கம்பித் தாங்கி இருக்கும். சில டாக்டர்கள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், கர்ப்பப்பை இறக்கம் பார்ப்பதற்கு அது வசதி. இடுப்பைக் கட்டிலின் விளிம்பு வரை இழுத்துக்கொள்ளச் சொல்வார்கள். விழுந்துவிடுவோமோ என்று தோன்றும், விழமாட்டீர்கள்.

முதலில் வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பார். புண், வீக்கம், தடிப்பு, நிறம் மாறியிருக்கிறதா என்று. இருமச் சொன்னால் இருமுங்கள், கர்ப்பப்பை இறங்குகிறதா, சிறுநீர் கசிகிறதா என்று பார்ப்பதற்காக.

அப்புறம் ஸ்பெகுலம். சித்திக்குக் காட்டிய வாத்து மூக்குக் கருவி. இரும்பிலும் இருக்கும், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கிலும் இருக்கும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சின்ன சைஸ் வைங்க மேடம்" என்று நீங்கள் கேட்கலாம். பிரசவம் ஆகாதவர்களும், மாதவிலக்கு நின்றபின் உள்ளே வறண்டுபோனவர்களும் கட்டாயம் கேளுங்கள். இரும்பாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டிவிட்டு வைத்தால் சில்லிடாது, அதையும் கேட்கலாம்.

கருவி மூடிய நிலையில் சாய்வாக உள்ளே போகும். அந்த நொடியில் வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். ஊதுவத்தியை அணைக்க ஊதுவதுபோல் நீளமாக. மூச்சைப் பிடித்தால் அடியில் இருக்கும் தசையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், கருவி இடிக்கும். பிட்டத்தைக் கட்டிலில் கனமாக விட்டுவிடுங்கள். பயத்தில் நாம் எல்லோரும் பிட்டத்தைத்தான் தூக்குவோம். கைகளை நெஞ்சின் மேல் தளர வைத்துக்கொள்ளுங்கள். கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தால் தொடை இறுகாது, எனக்கு இது நன்றாகவே உதவியது.

உள்ளே போனதும் மெல்லத் திறப்பார்கள். 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், திருகு பூட்டும் சத்தம் அது. மலம் வருவதுபோல் ஓர் அழுத்தம் இருக்கும். அழுத்தம் இருப்பது சகஜம். குத்துவது, எரிவது, தாங்க முடியாத வலி சகஜம் இல்லை, உடனே சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் மாதிரி எடுப்பது. பாப் ஸ்மியர் என்றால் ஒரு சின்ன மரக்குச்சியாலோ பிரஷ்ஷாலோ கர்ப்பப்பை வாயைச் சுற்றி வருடி எடுப்பார்கள். பத்து விநாடிகூட ஆகாது. கிரேக்க மருத்துவர் பாப்பனிகோலாவ் கண்டுபிடித்த முறை, அவர் பெயரைச் சுருக்கித்தான் பாப். எச்.பி.வி. பரிசோதனைக்கும் இதே மாதிரிதான் எடுப்பார்கள்.

அரசு மையங்களில் பெரும்பாலும் வி.ஐ.ஏ. என்ற எளிய முறை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சமையலறை வினிகரில் இருப்பதுதான். லேசாகச் சுள்ளென்று இருக்கும். மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பலன் அப்போதே தெரிந்துவிடும். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007ல் தமிழ்நாடு அரசு இதை முன்னோட்டமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. சில இடங்களில் பழுப்பு நிற அயோடினும் தடவுவார்கள். அயோடின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கருவியை எடுத்த பிறகு கைப் பரிசோதனை. கையுறையில் ஜெல் தடவி, ஒன்றோ இரண்டோ விரலை உள்ளே வைத்து, இன்னொரு கையால் அடிவயிற்றை மேலிருந்து அழுத்துவார். இரண்டு கைக்கும் நடுவில் கர்ப்பப்பை வந்து மாட்டும். சாதாரணமாக அது ஒரு சின்ன கொய்யாக்காய் அளவுதான், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். அளவு, அசைவு, கட்டி, தொட்டால் வலியா என்பதெல்லாம் இதில் தெரியும். சினைப்பையை அழுத்தும்போது ஒரு மாதிரி மந்தமாக வலிக்கும். எந்தப் பக்கம் அதிகம் வலிக்கிறது என்று சொல்லுங்கள். இது எல்லோருக்கும் செய்வதில்லை, தேவை இருந்தால்தான்.

உள்ளே போனதிலிருந்து இறங்குவது வரை ஐந்து நிமிடம்தான் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் எந்த நொடியிலும் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். மேலே ஏறிப் படுத்துவிட்டோம், இனி வேண்டாம் என்று சொன்னால் கோபிப்பார்களே என்று நினைக்காதீர்கள். சம்மதம் கட்டிலில் ஏறும்போது ஒரு தடவை கொடுத்துவிட்டு முடிந்துபோகிற விஷயம் இல்லை. எவ்வளவு முயன்றாலும் தசை இறுகிக்கொண்டே இருக்கிறது, உறவின்போதும் அப்படித்தான் என்றால் அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. "ஒத்துழைக்கமாட்டேங்கிறே" என்று திட்டினால் அது உங்கள் குற்றம் இல்லை. வேறு டாக்டரைப் பாருங்கள். முன்பு யாராவது உங்களிடம் தவறாக நடந்திருந்தால், "எனக்கு ஒரு பழைய சம்பவம் இருக்கு, மெதுவாப் பாருங்க" என்று மட்டும் சொன்னால் போதும், விவரம் சொல்ல வேண்டியதில்லை.

உடலுறவே இல்லாதவர்களுக்கு

இதுவரை உறவு இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக ஸ்பெகுலம் வைக்கமாட்டார்கள். வயிற்றின் மேல் தொட்டுப் பார்ப்பார்கள், வயிற்றின் மேல் ஸ்கேன் எடுப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி, மாதவிலக்குக் கோளாறு என்று போகிற கல்லூரிப் பெண்களில் பெரும்பாலோருக்கு அவ்வளவோடு முடிந்துவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இவர்களுக்கு இப்போது தேவையில்லை.

சில தாய்மார்கள் "பொண்ணு சரியாத்தான் இருக்காளான்னு பாருங்க" என்று டாக்டரிடம் கேட்பது உண்டு. கன்னித்தன்மையைக் காட்டும் பரிசோதனை என்று மருத்துவத்தில் ஒன்று கிடையாது. பெண்ணுறுப்பின் வாயில் இருக்கும் சவ்வு விளையாட்டிலும் கிழியலாம், உறவுக்குப் பின்னும் அப்படியே இருக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இரண்டு விரல் விட்டுப் பார்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2013லேயே கண்டித்தது. 2022 அக்டோபரில், இனி யாராவது செய்தால் அது தவறான நடத்தை என்றே தீர்ப்பளித்தது. எந்தக் காரணத்துக்காக யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஆண் டாக்டர் என்றால்

அவரும் அதே படிப்புப் படித்தவர்தான். ஆனால் பரிசோதனையின்போது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது. நர்ஸாக இருக்கலாம், உங்கள் அக்காவாகவும் இருக்கலாம். போதனா ஆஸ்பத்திரி என்றால் மாணவர்கள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அவர்களும் கற்க வேண்டும்தான், ஆனால் உங்களைக் கேட்ட பிறகுதான். "டாக்டர் மட்டும் பார்க்கட்டும்" என்று சொன்னால் வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது.

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளில் கர்ப்பப்பை உள்ளவர்களுக்கும் இதே பரிசோதனை தேவை. எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று ஓ.பி. சீட்டு வாங்கும்போதே சொல்லிவிட்டால் வரிசையில் சங்கடம் குறையும்.

ஸ்கேன்

வயிற்றின் மேல் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். உள் வழி ஸ்கேன் என்றால் சிறுநீர் கழித்துவிட வேண்டும். பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருவிக்கு ஆணுறை மாட்டி, ஜெல் தடவி உள்ளே வைப்பார்கள். ஆணுறையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், ஒருவருடைய கிருமி இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதற்குத்தான். புது உறைதானா என்று கேட்கலாம், கேளுங்கள். "நானே வெச்சுக்கிறேன்" என்று சொல்லி நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளவும் பல இடங்களில் விடுவார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை கூகுளில் போட்டு ராத்திரி முழுக்க அழுகிற பெண்கள் உண்டு. இரண்டு மூன்று வார்த்தைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'ரெட்ரோவெர்ட்டட்' என்றால் கர்ப்பப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான், நோய் இல்லை. 'நபோத்தியன் சிஸ்ட்' கர்ப்பப்பை வாயில் வரும் சின்ன நீர்க்கொப்புளம், பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. 'பல்க்கி யூட்டரஸ்' என்றால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையை வைத்து "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே தேதி குறிக்காதீர்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும்படி 2023ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இறங்கி வந்த பிறகு

மெதுவாக எழுந்து ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள், தலை சுற்றலாம். துடைத்துக்கொண்டு பேட் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுத்திருந்தால் ஓரிரு நாள் லேசாக ரத்தக் கறை படும். அயோடின் தடவியிருந்தால் பழுப்பாகக் கசியும், அதை ரத்தம் என்று நினைத்துப் பதற வேண்டாம். மாதவிலக்குபோல் அதிகமாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள்.

பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடாமல் டாக்டர் எதிரில் போய் உட்காருங்கள். உடுத்திக்கொண்டு உட்கார்ந்து பேசும்போதுதான் காதில் ஏறும். என்ன பார்த்தீங்க, என்ன சாம்பிள் எடுத்தீங்க, ரிப்போர்ட் எப்போ வரும், யார்கிட்ட வாங்கணும், வராட்டி யாருக்குப் போன் பண்ணணும். இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போய்ப் படித்தே கேட்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வி.ஐ.ஏ.வில் வெள்ளைத் திட்டு தெரிந்தது, பாப் ஸ்மியரில் மாற்றம் இருக்கிறது என்று சொன்னால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியால் இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அதற்குப் பெயர் கால்போஸ்கோப்பி. தேவைப்பட்டால் அரிசி அளவு சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்றாவதற்கு முந்தைய நிலை என்றால் அந்த இடத்தைச் சூடு வைத்தோ குளிரவைத்தோ அழித்துவிடலாம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த அடுத்த படிக்குப் போகாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து. வெள்ளைத் திட்டு என்று சொன்னதும் பயந்து சீட்டைக் கிழித்துப் போட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும். மூன்று மாதம் கெஞ்சி அழைத்துப் போனோம். கால்போஸ்கோப்பியில் வெறும் கிருமித்தொற்று என்று தெரிந்து மாத்திரையோடு அனுப்பினார்கள்.

சித்திக்கு வி.ஐ.ஏ. நெகட்டிவ். சீட்டின் பின்பக்கம் நர்ஸ் அடுத்த முறை வர வேண்டிய வருடத்தை எழுதிக் கொடுத்தார். சித்தி அதை ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்திருக்கிறார், வீட்டில் தொலையாமல் இருப்பது அது ஒன்றுதான் என்று. நீங்களும் அப்படித் தொலையாத ஓர் இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.